கதை முடிந்தும் எடை குறையவில்லை

நாலரைக் கிலோ. பிரிட்ஜெட் ஜோன்ஸ் 18 வருஷம் மல்லுக்கட்டியது இந்த நாலரைக் கிலோவோடுதான்.

லண்டனில் தனியாகக் குடியிருக்கும், முப்பதைத் தாண்டிய, பதிப்பகத்தில் வேலை பார்க்கும் பெண் அவள். புத்தாண்டு தினத்தில் டைரியைத் திறந்ததும் முதலில் எழுதுவது தன் எடையை. பிறகு குடித்த மது, ஊதிய சிகரெட், உள்ளே போன கலோரி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் அன்றைக்கு நடந்த கதை. ஆங்கிலேயர்களின் 'ஸ்டோன்' கணக்கில் அவள் எழுதியிருப்பதை நம் கணக்குக்கு மாற்றினால் 58.5 கிலோ வருகிறது. அவள் எட்டிப்பிடிக்க நினைத்தது 54.

முதல்முறை படித்தபோது எனக்கு இந்த 'ஸ்டோன்' கணக்கு தெரியாது. அவள் புலம்புகிற புலம்பலை வைத்து, நல்ல பருமனான பெண் என்றே நினைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம் கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பார்த்தால், கதாநாயகியைவிட நான் 11 கிலோ கூடுதல்.

1995இல் லண்டனின் 'தி இண்டிபெண்டன்ட்' நாளிதழில் பத்தியாகத் தொடங்கி, 1996இல் நாவலாக வந்தது ஹெலன் ஃபீல்டிங்கின் 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி'. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' கதையை எடுத்து, கோச்சு வண்டியை இறக்கிவிட்டு டாக்சியில் ஏற்றியதுபோல எழுதிய நாவல். நாயகனுக்குப் பெயர்கூட அதே டார்சி. 2001இல் படமானபோது, பிரிட்ஜெட்டாக நடிப்பதற்காக ரெனே செல்வெகர் தன் எடையைக் கூட்டிக்கொண்டார். பத்திரிகைகள் படத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் எழுதின.

அந்த நாவலில், படம் பார்த்தவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு காட்சி இருக்கிறது. ஒருநாள் எடைக் கருவியில் ஏறி நிற்கிறாள். 54! சரித்திரத்தில் பொறிக்க வேண்டிய நாள் என்று டைரியில் கொண்டாடுகிறாள். இறுக்கமான உடையைப் போட்டுக்கொண்டு அன்றைக்குத் தோழி வீட்டு விருந்துக்குப் போகிறாள். போன இடத்தில் எல்லோரும் என்ன கேட்கிறார்கள்? உடம்புக்கு என்ன, ஏன் இப்படிக் களைத்துப்போய் இருக்கிறாய் என்று. மறுநாள் நெருங்கிய நண்பன் டாம் தயங்கித் தயங்கிச் சொல்கிறான், முன்பு இருந்ததுதான் நன்றாக இருந்தது என்று. 18 வருஷம் கலோரி கூட்டிக் கழித்தது எதற்கு என்று அவள் திகைத்துப் போகிறாள்.

அந்தத் திகைப்போடு எடைக் கருவியைத் தூக்கிப் பரணில் போட்டிருந்தால் அது வேறு நாவலாகியிருக்கும். போடவில்லை. டைரியில் எண்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஃபீல்டிங் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்; கண்டுபிடித்து, சிரிக்கவைத்து, நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு வந்தவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஆங்கிலக் காதல் நாவலில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு சின்னக் கிளை தழைத்திருக்கிறது. அதன் கதாநாயகிகள் நிஜமாகவே பருமனானவர்கள். கதை தொடங்கும்போதும் பருமன், முடியும்போதும் பருமன். நடுவில் காதல், சண்டை, முத்தம், பிரிவு எல்லாம் உண்டு. எடை மட்டும் குறைவதில்லை.

பழைய விதி

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது வாடகை நூலகத்தில் மில்ஸ் அண்ட் பூன் எடுத்துப் படித்தவர்களுக்கு உடனே புரியும். 1908இல் லண்டனில் தொடங்கிய பதிப்பகம் அது. 1971இல் கனடாவின் ஹார்லிகுவின் நிறுவனம் அதை வாங்கியது. அந்தப் புத்தகங்களில் நான் சந்தித்த நாயகி எப்போதும் மெலிந்தவள். அதுவும் எந்த முயற்சியும் செய்யாமல் மெலிந்தவள். அவளுக்கு டயட் கிடையாது, பசியும் கிடையாது. மனசு சரியில்லை என்றால் தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். நமக்கெல்லாம் மனசு சரியில்லை என்றால்தான் பசி எடுக்கும்.

பருமனான பெண் அந்தக் கதைகளில் வராமல் இல்லை. தோழியாக வருவாள், சமையல்காரியாக வருவாள், நாயகனை வளைக்கப் பார்க்கும் அசட்டு உறவுக்காரியாக வருவாள். தப்பித் தவறி நாயகியாகவே வந்துவிட்டால், பாதிக் கதையில் காய்ச்சலோ கவலையோ வந்து இளைத்துவிடுவாள். அதற்கு அப்புறம்தான் நாயகன் கண்ணுக்குத் தெரிவாள். நம் மாத நாவல்களில் வருகிற கொடியிடையாள்களுக்கும் இதே விதிதான். தையற்காரரிடம் அளவு கொடுக்கும்போது நெளிகிற நாயகியை நான் எந்த மாத நாவலிலும் பார்த்ததில்லை.

பத்திரிகையில் வந்த உடம்பு

2001இல் ஜெனிஃபர் வெய்னர் எழுதிய 'குட் இன் பெட்', விதியை முறித்த நாவல்களில் பரவலாகப் படிக்கப்பட்ட ஒன்று. நாயகி கேனி ஷாபிரோ, ஃபிலடெல்ஃபியாவில் நாளிதழ் நிருபர். ஒருநாள் தோழி ஃபோன் செய்து, ஒரு பெண்கள் பத்திரிகையை உடனே எடுத்துப் பார் என்கிறாள். அதில் கேனியின் முன்னாள் காதலன் புரூஸ் பத்தி எழுத ஆரம்பித்திருக்கிறான். முதல் பத்தியின் விஷயம், பருமனான பெண்ணைக் காதலிப்பது எப்படி. பெயர் போடவில்லை, ஆனால் அது யாருடைய உடம்பு என்று ஊருக்கே தெரியும்.

அவமானத்தில் அவள் சேர்வது எடை குறைப்பு மருந்துக்கான ஆய்வு ஒன்றில். பிறகு கர்ப்பம், குறைமாதக் குழந்தை, தாங்க முடியாத கோபம் என்று கதை போகிறது. கோபத்தில் அவள் தெருத்தெருவாக நடக்கிறாள், நாள் கணக்கில் நடக்கிறாள். ஒரு கட்டத்தில் அவள் இளைத்துப் போயிருப்பது நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட உடம்பு, வாழ்க்கையிலேயே மோசமான நாட்களில் அவளிடம் வந்து சேர்கிறது. வெய்னர் இந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிற்பாதியில் தற்செயல்கள் அளவுக்கு மீறிக் குவிகின்றன, ஹாலிவுட் நடிகை ஒருத்தி சிநேகிதியாகிறாள், அதையெல்லாம் மன்னித்துவிடலாம். கடைசியில் அதே பத்திரிகையில், அதே பொருளைப் பற்றி, தன் பெயரில் கேனியே எழுதுகிறாள். அவள் உடம்பைப் பற்றிய பத்தி அவள் கைக்கே வந்து சேர்கிறது.

வெண்ணெய் இல்லாத சமையல்

ஆனால் இந்த வரிசையில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் நான் எடுத்துக்கொடுப்பது 'பெட் மீ'. 2004இல் வந்தது. எழுதியவர் ஜெனிஃபர் க்ரூஸி. ஒஹாயோ மாநிலத்தின் வாபகோனெட்டா என்ற சின்ன ஊர்க்காரர். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அதே ஊர்தான். க்ரூஸி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஆணும் பெண்ணும் கதை சொல்லும் விதத்தில் என்ன வித்தியாசம் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய உட்கார்ந்தார். பெண்கள் எழுதிய காதல் நாவல் 100, ஆண்கள் எழுதிய சாகச நாவல் 100 படிப்பதாகத் திட்டம். 1991 கோடையில் காதல் நாவல்களில் ஆரம்பித்தவர், சாகசத்தின் பக்கமே போகவில்லை. தானே எழுத உட்கார்ந்துவிட்டார்.

கதை இதுதான். மின் டாப்ஸ், வயது 33, காப்பீட்டு நிறுவனத்தில் கணிப்பாளர் (ஆக்சுவரி). யார் எப்போது சாவார்கள், எந்த வீடு எப்போது எரியும் என்று நிகழ்தகவு போடுவது வேலை. காதலன் டேவிட் அவளைக் கைகழுவிவிட்டுப் போன அதே இரவு, மதுக்கூடத்தில் ஓர் உரையாடல் அவள் காதில் விழுகிறது. டேவிட், கால் மொரிசி என்ற பேரழகனிடம் பந்தயம் கட்டுகிறான், ஒரு மாதத்துக்குள் மின்னைப் படுக்கைக்குக் கொண்டுபோக முடியுமா என்று. பந்தயப் பணம் 10,000 டாலர். கால் அதை மறுத்து, இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போவதாக 10 டாலருக்கு மட்டுமே ஒப்புக்கொள்கிறான். அந்தப் பாதி அவள் காதில் விழவில்லை. தங்கை டயானாவின் கல்யாணத்துக்கு ஜோடியாகக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. சரி, ஆட்டத்தை நாமும் ஆடுவோம் என்று கிளம்புகிறாள்.

பந்தயம் கட்டிக் காதலிப்பது நம் சினிமாவுக்கும் அலுத்துப்போன சரக்கு. க்ரூஸியின் கெட்டிக்காரத்தனம், பந்தயத்தை முன்னால் நிறுத்திவிட்டு நிஜமான சண்டையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனது.

மின்னின் அம்மா நானெட். நாவலின் வில்லன் டேவிட் என்று முதலில் தோன்றும். ஐம்பது பக்கம் போனால் இந்த அம்மாதான் என்று தெரிந்துவிடும். ஆனால் கெட்டவள் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அதனால்தான் மகளின் தட்டிலிருந்து ரொட்டியை எடுக்கிறாள், வெண்ணெயை நகர்த்துகிறாள், மணத்தோழி உடை மேலே ஏற மறுக்கும்போது பதறிப்போகிறாள். மெலிந்த உடம்புதான் பெண்ணுக்குக் கவசம், அது கழன்றால் புருஷனும் போய்விடுவான் என்று ஆயுள் முழுக்க நம்பியவள். தான் கட்டிக்கொண்ட கவசத்தையே மகளுக்கும் மாட்டப் பார்க்கிறாள்.

படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு என் பெரியம்மா ஞாபகம் வந்தாள். கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் "என்னடி, நல்லா வெய்ட் போட்டுட்டே!" என்பாள். "சாப்பிட்டியா?" என்பது அதற்கு அப்புறம்தான். அதே வாயால் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, "இவளுக்கு இன்னொரு ஜாங்கிரி வைப்பா" என்பாள். நானெட் வெண்ணெயை எடுத்துவிடுவாள்; பெரியம்மா நெய்யை ஊற்றிவிட்டு எடையைக் கேட்பாள். எது மேல் என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

கால், மின்னை முதல்நாள் அழைத்துப்போவது அவன் நண்பன் எமிலியோவின் இத்தாலிய உணவகத்துக்கு. அவள் வழக்கம்போல சாலட் கேட்கிறாள். அவன் சிக்கன் மர்சாலா சொல்கிறான். சிசிலித் தீவின் மர்சாலா ஊர் ஒயினில், காளானும் வெண்ணெயும் சேர்த்துச் செய்யும் கோழிக்கறி. முதல் வாய் வைத்ததும் அவள் முகம் மாறுவதை க்ரூஸி எழுதியிருக்கும் விதத்தைப் படிக்கும்போது, இந்தப் பெண் எத்தனை வருஷம் பசியோடு இருந்திருக்கிறாள் என்று தோன்றும். அதற்குப் பிறகு வீட்டில் அதே மர்சாலாவைக் கொழுப்பே சேர்க்காமல் செய்து பார்க்கிறாள். வாயில் வைக்க முடியவில்லை. எண்ணெயும் வெண்ணெயும் இல்லாமல் இது வராது என்று கால் அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுக்கிறான். அந்த அடுப்படிக் காட்சி நாவலின் மற்ற எல்லாக் காதல் காட்சிகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. பூங்காவில் அவன் டோனட்டைப் பிய்த்து ஊட்டுகிற காட்சியைத்தான் வாசகிகள் கொண்டாடுகிறார்கள். என் ஓட்டு அடுப்படிக்கு.

இன்னொரு இடம். மின் தன் உடம்பைப் பற்றி அவனிடம் நேருக்கு நேர் பேசுகிறாள். நீ அப்படியொன்றும் குண்டு இல்லை என்று கால் சமாதானம் சொல்வதில்லை. நம் ஊர் நாயகனாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பான். நீ ஒருநாளும் ஒல்லியாகப் போவதில்லை, உன் உடம்பின் வாகு அது என்று சொல்லிவிடுகிறான். அவளை அசிங்கமாகக் காட்டுவது உடம்பை ஒளிக்கப் போட்டுக்கொண்டிருக்கும் தொளதொள உடைகள்தான் என்கிறான். அந்த நிமிஷம் அவளுக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அவளிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆண் அவன்.

மின் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னேன் இல்லையா, அதை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த உயரத்துக்கு இந்த எடை என்கிற 'இலட்சிய எடை' அட்டவணையை உலகம் முழுக்கப் பரப்பியது ஒரு காப்பீட்டு நிறுவனம்தான். அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் லைஃப், புள்ளியியலாளர் லூயிஸ் டப்ளின் தயாரித்த பெண்களுக்கான அட்டவணையை 1942இலும் ஆண்களுக்கானதை 1943இலும் வெளியிட்டது. பாலிசி எடுத்தவர்களில் யார் அதிக நாள் இருந்தார்கள் என்ற கணக்கு அது. அந்தக் காலத்தில் அங்கே பாலிசி எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரர்கள். அவர்களின் கணக்கு மருத்துவமனைச் சுவருக்கு வந்தது, பிறகு பெண்கள் பத்திரிகைக்கு வந்தது, அங்கிருந்து பிரிட்ஜெட்டின் டைரிக்கு வந்தது. க்ரூஸி நினைத்துத்தான் எழுதினாரோ, தற்செயலோ, தன் நாயகியை அந்த எண்கள் பிறந்த வீட்டிலேயே வேலைக்கு வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் நிகழ்தகவு போடுகிற பெண், தன்னை ஒருவன் விரும்புவதற்கான நிகழ்தகவை மட்டும் பூஜ்யம் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

'பெட் மீ'க்கு 2005இல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கத்தின் ரீட்டா விருது கிடைத்தது. அந்தத் துறையில் அன்றைக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கால் அளவுக்கு மீறி அழகன். பருமனான பெண்ணை ஓர் அழகன் விரும்பினால்தான் அவள் மதிப்பு நிரூபணமாகும் என்ற பழைய வாடை அதில் அடிக்கத்தான் செய்கிறது. சாதாரண முகமும் லேசான தொந்தியும் உள்ள ஒருவன் வந்திருந்தால் நாவல் இன்னும் துணிச்சலாக இருந்திருக்கும். வாங்க ஆள் இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

2020இன் பெண்கள்

பதினைந்து வருஷம் கழித்து ஓர் அலையே அடித்தது. 2019இல் பிரிட்டனின் டாலியா ஹிபர்ட் எழுதிய 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்' நாயகி கறுப்பினப் பெண், பருமனானவள், ஃபைப்ரோமயால்ஜியா என்ற தீராத உடல்வலிக்காரி. மூன்றில் அவளை உறுத்துவது வலி மட்டும்தான். பருமன், அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள் என்பதுபோல ஒரு தகவல். எனக்கு மிகவும் பிடித்த அலட்சியம் இது.

2020 ஜூலையில் கேட் ஸ்டேமன்-லண்டன் எழுதிய 'ஒன் டு வாட்ச்' வந்தது. ஆசிரியை, 2016இல் ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரச்சாரத்தில் எழுத்து வேலை பார்த்தவர். ஒரு பெண்ணும் பல ஆண்களுமாக நடக்கும் டிவி ஷோவை, எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் என்று வெளுத்து வாங்குகிறாள் பருமனான ஃபேஷன் எழுத்தாளர் பீ. ஷோக்காரர்கள் அவளையே அடுத்த நாயகியாக்கிவிடுகிறார்கள். ட்விட்டர் பதிவு, செய்தித் துணுக்கு என்று ஒட்டுவேலையாகப் போகும் நாவல். வேகம் உண்டு, ஆழம் சில இடங்களில் மட்டும். முதல் நாள் காரிலிருந்து இறங்குகிற ஆண்களின் முகத்தை அவள் ஒவ்வொன்றாகப் படிக்கும் இடம் அப்படி ஒன்று. பெண் பார்க்கும் படலத்தில் உட்கார்ந்த நம் பெண்களுக்கு அந்தப் பக்கங்களுக்கு உரை தேவையில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஒலிவியா டேட் எழுதிய 'ஸ்பாய்லர் அலர்ட்'. டேட் முன்பு நூலகராக இருந்தவர். நாயகி ஏப்ரல் விட்டியர் நிலவியலாளர். தனக்குப் பிடித்த தொடரின் கதாபாத்திரம்போல உடை போட்டு ஒரு படத்தை வெளியிடுகிறாள். அவள் உருவத்தைச் சொல்லிக் கும்பல் கேலி செய்கிறது. அந்தத் தொடரின் நாயக நடிகன் மார்கஸ், எல்லோர் முன்னாலும் அவளைச் சாப்பிட அழைக்கிறான். 'ஃபேட்' என்ற சொல்லை டேட் வசையாகப் பார்ப்பதில்லை. உயரம், நிறம் சொல்வதுபோலச் சொல்கிறார். இந்த வழக்கத்தின் வேர் 1969இல் நியூயார்க்கில் பருமனானவர்களின் உரிமைக்காகத் தொடங்கிய சங்கம் வரை போகிறது. 'குண்டு' என்ற சொல்லை நாம் அப்படி வெறும் சொல்லாக்க முடியுமா? பூசினாற்போல், சதைப்பிடிப்பாக, வாட்டசாட்டமாக என்று சுற்றி வளைக்கத் தமிழில் எத்தனை வார்த்தைகள்! சுற்றி வளைப்பதும் ஒருவகையில் ஒளிப்பதுதானே என்று தோன்றுகிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரலுக்கும் ஓர் அம்மா இருக்கிறாள், உடற்பயிற்சி யோசனைகளோடு. நானெட்டின் மகள் கடைசிவரை அம்மாவைச் சமாளிக்கிறாள்; ஏப்ரல் கோடு கிழித்துவிடுகிறாள். என் உடம்பைப் பற்றி இனி பேச்சில்லை, பேசினால் நான் வரப்போவதில்லை. 2004க்கும் 2020க்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால் இந்தக் கோட்டைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றும் மாறியது, அட்டை. பருமனான நாயகியின் கதைக்கு வெறும் செருப்பையோ கேக்கையோ அட்டையில் போட்டு ஒப்பேற்றிய காலம் உண்டு. 'ஸ்பாய்லர் அலர்ட்' அட்டையில் லெனி காஃப்மன் வரைந்த ஏப்ரல், முழு உருவமாக, காதலனோடு நிற்கிறாள்.

காலம் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதற்கு நெட்ஃப்ளிக்ஸில் 2024இல் வந்த 'பிரிட்ஜர்டன்' மூன்றாவது சீசனே போதும். இது பழங்காலக் கதை. மூலமான ஜூலியா குவின் நாவல் 2002இல் வந்தது. அதில் நாயகி பெனலபி, கதை தொடங்கும் முன்பே கணிசமாக இளைத்துவிட்டவள். அதற்குப் பிறகே காதல். திரையில் நிக்கோலா காக்லன் நடித்த பெனலபி இளைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே கதாபாத்திரத்துக்கு இரண்டு நியாயம்.

டாக்டர் என்ன சொல்வார்?

இந்த நாவல்களைப் பற்றி எங்கே பேசினாலும் ஒருவர் எழுந்து கேட்பார், அப்போது சுகர், பிரஷர் எல்லாம் பொய்யா என்று. பொய்யில்லை. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கிறது; அதனால்தான் உயரம்-எடை விகிதமான பிஎம்ஐ 25ஐத் தாண்டினால் அதிக எடை என்று உலகம் சொல்லும்போது இந்திய மருத்துவர்கள் 23லேயே எச்சரிக்கிறார்கள். அந்த பிஎம்ஐக்கும் ஒரு கதை உண்டு. 1830களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர், சராசரி மனிதனைத் தேடிப் போட்ட கணக்கு அது. தனி ஒருவரின் நோயைக் கண்டுபிடிக்கப் போட்டதில்லை. 1998இல் அமெரிக்காவில் அதிக எடைக்கான கோட்டைக் கீழே இறக்கியபோது, ஒரு கிராம்கூடக் கூடாமலேயே கோடிக்கணக்கானவர்கள் ஒரே நாளில் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள்.

டாக்டரிடம் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். அது அவருக்கும் உங்களுக்கும் நடுவில். கல்யாண மண்டபத்துக்கு அதில் வேலையில்லை, துணிக்கடைக்கும் வேலையில்லை. ஒருமுறை ஒரு கடையில் ரெடிமேட் சுடிதார் கேட்டபோது, விற்பனைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க சைஸ் வராதுக்கா" என்றாள். அவள் என் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கவில்லை.

இப்போது ஊசி வந்துவிட்டது. எடை குறைப்புக்கான வீகோவி 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவுக்கு மௌன்ஜாரோ என்ற இன்னொரு ஊசி 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. 1963இல் நியூயார்க் இல்லத்தரசி ஜீன் நைடெச் தொடங்கி, உலகத்துக்கே தட்டை அளந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்த வெய்ட் வாட்சர்ஸ் 2025 மே மாதம் திவால் மனு கொடுத்தது. இனி யாரும் பருமனாக இருக்கத் தேவையில்லாதபோது இந்த நாவல்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். கேனியும் மருந்து ஆய்வில்தான் போய் நின்றாள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மருந்து கிடைக்காததா அவள் பிரச்சினை?

தமிழில் இந்தப் பக்கம் வந்த பெரிய முயற்சி சினிமாவில்தான். 2015 நவம்பரில், தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்து எடுத்த 'இஞ்சி இடுப்பழகி'க்காக அனுஷ்கா நிஜமாகவே எடையைக் கூட்டிக்கொண்டு நடித்தார். துணிச்சலான நடிகை, துணிச்சலான தொடக்கம். பாதியில் கதை, போலி எடை குறைப்பு மையத்தை எதிர்க்கும் பிரச்சாரமாகத் திரும்பிவிட்டது. நாயகிக்கு நடக்க வேண்டிய காதல் ஓரத்துக்குப் போய்விட்டது. அந்தப் படம் தோற்றதற்கு உடம்பைக் குறை சொன்னவர்கள் உண்டு. குறை திரைக்கதையில்.

மாத நாவல் எழுதுகிறவர்களுக்கும், செயலிகளில் தொடர்கதை எழுதி லட்சக்கணக்கில் வாசகிகளை வைத்திருக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கதையில் பருமனான ஒருத்தியைக் கொண்டுவாருங்கள். அவளைக் காய்ச்சலில் போடாதீர்கள், ஜிம்முக்கு அனுப்பாதீர்கள், உபதேசமும் செய்யவைக்காதீர்கள். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், வம்புக்கார அம்மாவைக் கொடுங்கள், சமைக்கத் தெரிந்த ஒருவனைக் கொடுங்கள்.

வாசகர்களுக்கு: 'பெட் மீ' கிடைத்தால் வெறும் வயிற்றில் படிக்க உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்து போய், வெண்ணெய் போட்டுத் தோசை ஊற்றிக்கொண்டேன்.